தீர விசாரித்தவர்

நம் தகப்பனார் டில்லியில் ஒரு சர்க்கார் காரியாலயத்தில் குமாஸ்தாவாக இருந்தார். ராமகிருஷ்ணபுரத்தில் இரண்டு அறைகள் கொண்ட சர்க்கார் ஜாகை. அதில் அப்பாவும், அம்மாவும், பாட்டியும், நாமும், ஒரு டெலிவிஷன் பெட்டியும் குடியிருந்தோம். பெட்டியையும் குடும்பத்தில் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே சமயத்தில் ஓரிடத்தில் உட்காருவது அதன் முன்னால்தான்.

பாட்டிக்கு மட்டும் அந்தப் பெட்டியின் மேல் ஒரு மனஸ்தாபம் இருந்தது. கும்பகோணத்திலிருந்து டில்லிக்கு வந்த புதிதில் அவளுக்கு ஹிந்தி ஓர் அட்சரம் தெரியாது. ஆனால் காய்கறி வண்டிக்காரனோடு பேரம் பேசிப் பேசியே பத்து வருஷத்தில் அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். வெண்டைக்காய் முற்றல் என்பதையும், தராசில் கை வைக்காதே என்பதையும் அவள் ஹிந்தியில் சொல்லும்போது, வண்டிக்காரன் மறுபேச்சுப் பேச மாட்டான். அப்படிப்பட்ட பாட்டிக்கு டெலிவிஷனில் வாசிக்கப்பட்ட செய்தி புரியவே இல்லை. "இது ஹிந்தியா, வேத பாராயணமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

பாட்டியின் மேல் குற்றமில்லை. நம் தேசத்தில் டெலிவிஷன் 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி டில்லியில் ஆரம்பமாயிற்று. 1965-ல் பிரதிமா புரி என்ற அம்மையார் முதல் முதலாகச் செய்தி வாசித்தார். அன்று முதல் முப்பது வருஷ காலம் தூரதர்ஷன் செய்தியென்றால் அது சர்க்காரின் செய்திதான். மந்திரி அடிக்கல் நாட்டினார், மந்திரி திறந்து வைத்தார், மந்திரி விமானத்தில் ஏறினார் என்று அது வரிசையாகச் சொல்லும். வாசித்தவர்கள் நல்ல குரலும் திருத்தமான உச்சரிப்பும் உள்ளவர்கள். ஆனாலும், காரியாலயத்துக் கோப்புகளிலிருந்து புறப்பட்டு வந்த அந்த ஸமஸ்கிருத மயமான ஹிந்தி, கடைத்தெருவில் எவரும் பேசாத பாஷையாக இருந்தது. ஜனங்களுக்குச் செய்தி சொல்வதைவிட, சொல்லியாகிவிட்டது என்று ஏட்டில் பதிவு செய்துகொள்வதே முக்கியம் போலும்.

தனியார் செய்தியைப் படமாகப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. 1988-ல் 'நியூஸ்டிராக்' என்ற மாதச் செய்தித் தொகுப்பு, வீடியோ கேஸெட்டாகக் கடைகளுக்கு வந்தது. செய்தியை இரவல் வாங்கிப் பார்த்த காலம் அது! பின்னர் 1995-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. ஆகாயத்தில் செல்லும் அலைகள் பொது ஜனங்களின் சொத்து. சர்க்காரானாலும் சரி, தனிப்பட்டவர்களானாலும் சரி, அவற்றை ஏகபோகமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். அதே வருஷம் ஜூலை 17-ஆம் தேதி, தூரதர்ஷனின் மெட்ரோ அலைவரிசையில், 'இந்தியா டுடே' ஸ்தாபனத்தார் தயாரித்த இருபது நிமிஷ ஹிந்திச் செய்தி ஆரம்பமாயிற்று. அதற்கு 'ஆஜ் தக்' என்று பெயர். 'இன்று வரை' என்று பொருள்.

அதை நடத்தியவர் பெயர் சுரேந்திர பிரதாப் சிங். சிநேகிதர்கள் எஸ். பி. என்று அழைப்பார்கள்.

டெலிவிஷனில் தோன்றுவதற்கென்று பிறந்த முகம் அல்ல அவருடையது. தாடி, நாற்பத்தாறு வயது. உத்தரப் பிரதேசத்தில் காஜிப்பூர் ஜில்லாவில் 1948-ல் பிறந்து, கல்கத்தாவுக்கு அருகில் ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த ஊரில் வளர்ந்து, கல்கத்தாவிலேயே படித்தவர். பம்பாயில் தர்மவீர் பாரதி ஆசிரியராக இருந்த 'தர்மயுக்' வாரப் பத்திரிகையில் தொழில் கற்றுக்கொண்டார். 1977-ல், நெருக்கடி நிலை நீங்கிய வருஷத்தில், கல்கத்தாவிலிருந்து 'ரவிவார்' என்ற ஹிந்தி வாரப் பத்திரிகை புறப்பட்டது. அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

அந்த நாளில் ஹிந்திப் பத்திரிகைக்காரருக்கு டில்லி அதிகார வட்டாரத்தில் இருந்த மதிப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய சங்கதிகள் இங்கிலீஷ் பத்திரிகைகளுக்குப் போகும். மிச்சம் மீதி இவர்களுக்கு வரும். சுதேச பாஷைப் பத்திரிகை எதுவானாலும் அதன் கதை இதுதான். தமிழ்ப் பத்திரிகைகளும் அனுபவித்து அறிந்ததே. 'ரவிவார்' இந்த வழக்கத்தை மாற்ற முயன்றது. கிராமங்களுக்கும் சிற்றூர்களுக்கும் இளைஞர்களை அனுப்பி, நேரில் பார்த்து எழுதி வாங்கியது. பிறர் எழுதியதை ஹிந்தியில் பெயர்த்துப் போடுவது பத்திரிகைத் தொழில் ஆகாது என்பதைச் செய்து காட்டியது. பின்னர் எஸ். பி. சிங், ராஜேந்திர மாத்துர் தலைமை ஆசிரியராக இருந்த 'நவபாரத் டைம்ஸ்' தினசரியில் நிர்வாக ஆசிரியராக இருந்தார். இத்தனையும் முடித்துக்கொண்டுதான் டெலிவிஷனுக்கு வந்தார். அதாவது, காமிராவின் முன் அவர் வந்து உட்காரும்போது, அவருக்குப் பின்னால் இருபது வருஷத்துக்கு மேற்பட்ட அச்சு மையின் அனுபவம் உட்கார்ந்திருந்தது.

முதல் வாரத்திலேயே ஒரு நாள் இரவு, சமையல் அறையிலிருந்து பாட்டி எட்டிப் பார்த்தாள். சற்று நேரம் நின்று கேட்டாள். பிறகு வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"இவர் பேசறது நம்ம காய்காரன் பேசற மாதிரின்னா இருக்கு! எல்லாம் புரியறதே!" என்றாள்.

எஸ். பி. சிங்கின் சாதனையை இதைவிடச் சுருக்கமாக எந்த விமர்சகரும் சொன்னதில்லை என்பது நம் அபிப்பிராயம். அவர் பேசியது கொச்சை அல்ல. கடைத்தெருவில் செல்லுபடியாகும் நாணயம். உருதுச் சொல் வந்தாலும் தள்ள மாட்டார். இங்கிலீஷ் சொல் ஜனங்கள் வாயில் புழங்கினால் அதையும் ஏற்றுக்கொள்வார். கடைசியில், அன்றன்றும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி விடைபெறுவார். "இவை இன்று வரையிலான செய்திகள், நாளை வரை காத்திருங்கள்." பாட்டி அதற்குத் தலையை ஆட்டிவிட்டுத்தான் படுக்கப் போவாள்.

அந்த வருஷம் செப்டம்பர் 21-ஆம் தேதி, வியாழக்கிழமை. பொழுது விடிவதற்குள் டில்லி முழுவதும் ஒரே பேச்சு: பிள்ளையார் பால் குடிக்கிறார்! கரண்டியில் பாலை எடுத்துத் துதிக்கையருகே நீட்டினால், பால் குறைந்துகொண்டே போகிறதாம். மத்தியானத்துக்குள் இந்தச் சேதி தேசமெங்கும் பரவிற்று. கடல் கடந்தும் சென்றது. காரியாலயங்களில் நாற்காலிகள் காலி. கோயில்களில் வரிசை தெருக்கோடி வரையில். பாட்டியும் ஒரு செம்பில் பால் எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்துக் கோயிலுக்குப் போனாள். மூன்று மணி நேரம் நின்று, நிலைகொள்ளாத சந்தோஷத்துடன் திரும்பி வந்தாள். "என் கையாலே குடிச்சார்" என்று சொன்னபோது அவள் கண்களில் நீர் நின்றது.

நமக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான பாடம் புதிதாகத் தலைக்கு ஏறியிருந்த சமயம். பாட்டியைப் பார்த்துச் சிரித்தோம். ஆனால் காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பால் குறைந்ததை அம்மாவும் பார்த்திருந்தாள். கண்ணால் கண்டதை இல்லையென்று எப்படிச் சொல்வது?

விடை டெலிவிஷனில் கிடைத்தது. விக்கிரகங்கள் பால் குடிக்கின்றன என்ற சேதியோடு 'ஆஜ் தக்' நின்றுவிடவில்லை. தெருவோரத்தில் செருப்புத் தைப்பவர், செருப்பைக் கவிழ்த்து மாட்டி ஆணி அடிப்பாரே, அந்த மூன்று கால் இரும்புக்கும் பால் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் குடித்தது! கரண்டியிலிருந்த பால், பிள்ளையார் துதிக்கையில் மறைந்ததுபோலவே, இரும்பின் முனையிலும் மறைந்தது. அன்று அவர்கள் சொன்ன வார்த்தைகள் நமக்கு ஞாபகமில்லை. அந்த இரும்பு மட்டும் இன்றைக்கும் கண்ணெதிரே நிற்கிறது.

சர்க்கார் விஞ்ஞானிகளும் டில்லியில் ஒரு கோயிலுக்குச் சென்று, பாலில் வர்ணம் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். திரவங்களின் மேற்பரப்பில் ஓர் இழுவிசை உண்டு. நிறைந்த கரண்டியின் விளிம்பு கல்லைத் தொட்டதும், அந்த விசை பாலைக் கல்லின்மேல் இழுக்கிறது. அப்புறம் அது மெல்லிய படலமாகக் கீழே வழிந்துவிடுகிறது. வெள்ளைக் கல்லில் வெள்ளைப் பால் வழிவது கண்ணுக்குத் தெரியாது. வர்ணம் கலந்தபோது தெரிந்துவிட்டது. சங்கதி இவ்வளவுதான்.

நாம் துள்ளிக் குதித்தோம். "பாட்டி! உன் பிள்ளையாரும் செருப்பு தைக்கிற இரும்பும் ஒண்ணு!" என்று கூவினோம். அப்பா நம்மை அதட்டினார். பாட்டி ஒன்றும் பேசவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சமையல் அறையில் ஒரு காட்சி கண்டோம். கும்பகோணத்திலிருந்து ரயிலில் கொண்டுவந்த அம்மிக் குழவியை நிமிர்த்தி வைத்து, அதற்குப் பாட்டி கரண்டியால் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பால் குறைந்தது. குழவியின் அடியில் விரலால் தடவிப் பார்த்தாள், ஈரம். மறுபடியும் கொடுத்தாள், மறுபடியும் தடவினாள். நாம் நிற்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"அந்தத் தாடிக்காரர் சொன்னது வாஸ்தவம்தாண்டா. குழவியும் குடிக்கிறது" என்றாள். சற்றுப் பொறுத்து, "அவர் காட்டினார், நான் சோதிச்சுப் பார்த்தேன். நீ சிரிச்சே, அவ்வளவுதான் நீ பண்ணினது" என்று சொன்னாள்.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நாம் பள்ளிக்கூடத்தில் காப்பி எழுதியிருந்தோம். அதன் அர்த்தம் அம்மிக் குழவியின் அருகில்தான் விளங்கியது. தீர விசாரித்தவள் பாட்டி. நாம், டெலிவிஷன் சொன்னதை அப்படியே நம்பினோம்; அவள் கோயிலில் பார்த்ததை நம்பியது போலத்தான். நாம் நம்பியது உண்மையாக இருந்தது என்பது நம் அதிர்ஷ்டமே தவிர, சாமர்த்தியம் அல்ல. பாட்டி அன்று மாலையும் பிள்ளையாருக்கு விளக்கேற்றினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பால் விஷயம் வேறு, பிள்ளையார் விஷயம் வேறு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு வருஷங்கள் சென்றன. 1997-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை 'பார்டர்' என்ற ஹிந்திப் படம் வெளியாயிற்று. 1971 யுத்தத்தைப் பற்றிய கதை. கோடை விடுமுறையாதலால் அன்றே பார்த்துவிட வேண்டுமென்று நமக்கு ஆசை. "முதல் நாள் கூட்டத்தில் இடிபட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை போகலாம்" என்று அப்பா தடுத்துவிட்டார். அன்று சாயங்காலம், நம் ஜாகைக்கு அதிகத் தூரமில்லாத கிரீன் பார்க்கில், உபகார் என்ற தியேட்டரில் மாட்டினி காட்சி நடந்துகொண்டிருந்தபோது கீழ்த்தளத்து டிரான்ஸ்பார்மரில் தீப்பிடித்தது. புகை மேலே ஏறி மாடியில் நிறைந்தது. மாடியில் அதிகப்படியான நாற்காலிகளைப் போட்டு வழியை அடைத்திருந்தார்கள். வெளியே வர முடியாமல் மூச்சுத் திணறி ஐம்பத்தொன்பது பேர் மாண்டார்கள். குழந்தைகளும் அவர்களில் இருந்தனர். நூறு பேருக்கு மேல் காயமடைந்தார்கள்.

இந்தக் கோரத்தைத் தேசத்துக்கு எடுத்துச் சொன்னவர் எஸ். பி. சிங். அவர் சொன்ன கடைசிச் செய்திகளில் அது ஒன்று. சில நாட்களுக்குள் மூளையில் இரத்தக் குழாய் வெடித்து நினைவிழந்தார். ஜூன் 27-ஆம் தேதி காலமானார். வயது நாற்பத்தெட்டு. டெலிவிஷனில் அவர் உத்தியோகம் இரண்டு வருஷம்கூட நிரம்பவில்லை.

உபகார் தியேட்டரின் துயரந்தான் அவரைக் கொண்டுபோயிற்று என்று அந்நாளில் பலர் பேசிக்கொண்டார்கள். பாட்டியும் அப்படித்தான் நம்பினாள். அவர் கற்றுக்கொடுத்த பாடத்துக்கு நாம் விசுவாசமாக இருக்க வேண்டுமானால், அதை நிச்சயம் என்று எழுதக் கூடாது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு காரியங்கள் நடந்தன, அவ்வளவே. உபகாரில் குழந்தைகளைப் பறிகொடுத்த பெற்றோர் ஒரு சங்கம் அமைத்து, இருபது வருஷங்களுக்கு மேலாகக் கோர்ட்டுகளில் போராடினார்கள் என்பது மட்டும் தேசம் அறிந்த உண்மை.

பாட்டி அதற்குப் பிறகும் இரவில் பெட்டியின் முன் வந்து உட்காருவாள். வேறொருவர் செய்தி சொல்வார். இறுதியில் அதே வாக்கியம் வரும். "நாளை வரை காத்திருக்கச் சொன்னவர், காத்திருக்காமல் போயிட்டாரே!" என்று ஒரு தடவை சொன்னாள்.

2000-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி, 'ஆஜ் தக்' இருபத்து நான்கு மணி நேரமும் செய்தி தரும் தனி அலைவரிசையாயிற்று. அப்புறம் எத்தனையோ அலைவரிசைகள் எல்லாப் பாஷைகளிலும் வந்துவிட்டன. எஸ். பி. சிங்கிடம் தொழில் பழகிய இளைஞர்களில் பலர் பெரும் பெயர் பெற்றார்கள். முன்பெல்லாம் இருபது நிமிஷத்துக்குள் அடங்க வேண்டியிருந்ததால், எது செய்தி, எது செய்தியல்ல என்று ஒருவர் உட்கார்ந்து பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. இருபத்து நான்கு மணி நேரத்தை நிரப்ப வேண்டுமானால் பொறுக்குவதற்கு அவகாசம் ஏது? வந்ததெல்லாம் உலையில் விழுகிறது. விவாதம் என்ற பெயரில் எட்டுப் பேர் ஒரே சமயத்தில் கூச்சலிடுவதைக் கண்டு, பாட்டி இருந்தால் "காய்காரன் சந்தையிலேகூட இப்படி இல்லையே!" என்றிருப்பாள்.

ஆயினும் டெலிவிஷனைக் குறை கூறுவதற்காக இந்தக் கட்டுரையை நாம் எழுதத் தொடங்கவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல நமக்கே கூச்சமாயிருக்கிறது.

அப்பா உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் குடும்பம் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. நாம் பட்டம் பெற்று, ஒரு பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராக அமர்ந்தோம். 2018-ஆம் ஆண்டு கோடையில், குழந்தைகளைக் கடத்தும் கூட்டம் ஊருக்குள் புகுந்திருக்கிறது என்று ஒரு சேதி கைத்தொலைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. நமக்கும் வந்தது. நம்மிடம் படிக்கும் பிள்ளைகளின் முகங்கள் மனத்தில் தோன்றின. ஒரு கணமும் யோசியாமல், அதைப் பெற்றோர்கள் இருபது முப்பது பேருக்கு அனுப்பிவைத்தோம். நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கவும் தூங்கினோம்.

அந்த மே மாதம், திருவண்ணாமலை ஜில்லாவில் போளூருக்கு அருகே, குலதெய்வத்தைத் தரிசிக்கச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. வழி கேட்பதற்காக நிறுத்தியவர்கள், அங்கே இருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். குழந்தைகளைப் பிடிக்க வந்தவர்கள் என்று ஊரார் திரண்டு அடித்தார்கள். அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் மாண்டுபோனார்.

தினசரியில் இதைப் படித்தபோது நம் கை நடுங்கியது. நாம் அனுப்பிய சேதி அந்த ஊருக்குப் போகவில்லை என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தோம். அதுவும் விசாரித்து அறிந்ததல்லவே! எவரிடமிருந்து எவருக்குப் போயிற்று என்று யாரால் சொல்ல முடியும்? அம்மிக் குழவிக்குப் பால் கொடுத்துப் பார்த்த பாட்டியின் வளர்ப்பு நாம், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர், ஒரே ஒரு தொலைபேசியில் போலீஸ் ஸ்டேஷனைக் கூப்பிட்டு, "இது வாஸ்தவமா?" என்று கேட்கத் தோன்றவில்லை. சேதியை அனுப்பும் அந்த நொடியில் நாமும் ஒரு செய்தியாளராகிவிடுகிறோம் என்பது அன்று தெரியவில்லை. எஸ். பி. சிங்குக்கு அந்த நாற்காலியில் உட்கார இருபது வருஷத்துக்கு மேல் பயிற்சி வேண்டியிருந்தது. நமக்கு ஒரு கட்டை விரல் போதுமானதாக இருந்தது.

மறுநாளே அந்தப் பெற்றோர்கள் அனைவருக்கும், நாம் அனுப்பியது விசாரியாமல் அனுப்பியது, மன்னிக்க வேண்டும் என்று எழுதினோம். நான்கு பேர் பதில் போட்டார்கள். மற்றவர்கள் பார்த்தார்களோ, இல்லையோ. பொய் சென்ற வேகத்தில் திருத்தம் செல்வதில்லை.

இப்போது வருஷந்தோறும் ஒரு நாள், நம் வகுப்பில் ஒரு டம்ளர் பாலும், ஒரு கரண்டியும், ஒரு கருங்கல்லும் மேஜைமேல் வைக்கிறோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கல்லுக்குப் பால் கொடுக்கிறார்கள். கல் குடிக்கிறது. முதலில் ஆச்சரியம், பிறகு சிரிப்பு. அடியில் தடவிப் பார்க்கும்படி சொல்கிறோம். அதன் பிறகு, டில்லியில் தாடி வைத்த ஒரு மனிதர் இருந்தார் என்று ஆரம்பித்து இந்தக் கதையைச் சொல்கிறோம். போளூரையும் விடுவதில்லை, நம் கட்டை விரலையும் விடுவதில்லை.

சென்ற வருஷம் ஒரு பெண் கேட்டாள்: "சார், விசாரிக்க வழியில்லாத சேதி வந்தால் என்ன செய்கிறது?"

அவர் இரவுதோறும் சொல்லிவந்த வாக்கியத்தைத்தான் அவளுக்குப் பதிலாகச் சொன்னோம். நாளை வரை காத்திரு, அம்மா.